தோற்றதற்கு அத்தாட்சி

“ஒரு தடவைகூடத் தோத்ததில்லையா?” மச்சினன் மூன்றாவது முறையாகக் கேட்டான்.

“இல்லடா.”

“நல்லா யோசிச்சுப் பாருங்க அத்தான். சின்ன வயசுல கோலி விளையாட்டுல?”

“போனதே ஒரு நாள். கட்டினதே ஒரு சீட்டு. அது ஜெயிச்சுத் தொலைச்சுது. அதுக்கு நான் என்ன பண்றது?”

மச்சினன் துக்கம் விசாரிக்க வந்தவன்போல் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கவுன்டர்மேல் கிடந்த பழுப்புக் காகிதத்தை மறுபடி எடுத்தான். வருமான வரி அலுவலகத்து நோட்டீஸ். சென்ற ஆண்டு குதிரைப் பந்தயத்தில் வென்ற மூன்று லட்சத்து நாற்பதாயிரத்தை வருமானத்தில் ஏன் காட்டவில்லை, வரும் வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு நேரில் வந்து சொல்லவும் என்று அதில் இருந்தது. கண்ணாடிக்காரருக்கு வியர்த்து ஊற்றியது. சுவரில் வரிசையாக மாட்டியிருந்த நூற்றிருபது மூக்குக்கண்ணாடி ஃபிரேம்களும் அவரையே முறைப்பது போலிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். பந்தய கிளப்பில் பத்துப் பதினைந்து பைனாகுலர்கள் மங்கிவிட்டன, வந்து சரிசெய்து கொடுங்கள் என்று கூப்பிட்டார்கள். போனார். துடைத்தார், திருகினார், சரியாகத் தெரிகிறதா என்று மைதானத்தைப் பார்த்தார். ஒரு குதிரையின் மூக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது. தன் கைவேலையில் மயங்கி, கூலியாகக் கிடைத்த பணம் மொத்தத்தையும் அந்த மூக்கின்மேல் கட்டினார். அந்தக் குதிரை அதற்கு முன்னும் ஜெயித்ததில்லை, அதற்குப் பின்னும் ஜெயித்ததில்லை. அன்றைக்கு என்னவோ வாலில் நெருப்புப் பற்றியதுபோல் ஓடி வந்தது. அந்தப் பணத்தில்தான் லென்ஸ் வெட்டும் மெஷின் வாங்கினார். வீட்டில் தவணைக்கு வாங்கியதாகச் சொல்லிவைத்தார். கிளப்போ ஜெயித்தவர்கள் பட்டியலை வரி ஆபீசுக்கு அனுப்பிவைத்தது.

“வரியைக் கட்டிட்டுப் போறேன்டா.”

“எதை வச்சு? மெஷினை வித்தா?” மச்சினன் இன்சூரன்ஸ் ஏஜென்ட். உலகத்தில் உள்ள எல்லா விதிகளிலும் பாதி தெரிந்தவன். “ஜெயிச்சது வருமானம். ஆனா தோத்ததைக் கழிச்சுக்கலாம் அத்தான். ஜெயிச்ச அளவு வரைக்கும். மூணு லட்சத்து நாப்பதாயிரம் தோத்திருந்தீங்கன்னா வரி சுத்தமா கிடையாது. தோத்த சீட்டு காட்டணும், தேதி போட்டு எழுதின நோட்டு காட்டணும். அவ்வளவுதான்.”

“நான்தான் தோக்கலையே.”

“அதான் அத்தான் உங்க குறை.”

அப்போது வாசலில் குடை மடங்கும் சத்தம் கேட்டது. கண்ணாடிக்காரர் நோட்டீசைப் பாய்ந்து எடுத்து லென்ஸ் தட்டுக்கு அடியில் செருகினார். வந்தவர் மாமனார்.

மாமனார் எடை, அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கடைக் கட்டடம் அவருடையது. சூதாட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே வாய் கொப்பளிக்கும் ஜாதி. மாடியில் சீட்டுக்கட்டு கலைக்கும் சத்தம் கேட்டதென்று குடித்தனக்காரரை இரண்டே நாளில் காலிசெய்ய வைத்தார். பேரன் வைத்திருந்த பாம்பு ஏணி அட்டையைப் பகடை இருக்கிறது என்ற ஒரே குற்றத்துக்காகக் குப்பையில் போட்டார். டிவியில் மேட்ச் தொடங்கும்போது காசு சுண்டும் கட்டம் வந்தால் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வருவார்.

“அடுத்த வெள்ளிக்கிழமை பத்திரம் பதிஞ்சிடலாம் மாப்ள,” என்றார். “கடை உங்க பேருக்கு வந்துடும். வியாழக்கிழமையே வச்சுக்கலாம்னு எழுத்தர் சொன்னாரு. எனக்கு அன்னைக்கு வேற ஜோலி இருக்கு.”

“சரிங்க மாமா.”

“ஒழுக்கமான மனுஷன்னுதான் குடுக்கறேன். சூதாடறவன் கைக்கு என் கட்டடத்துச் செங்கல் ஒண்ணுகூடப் போகாது.” பிறகு கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். “தூரப் பார்வை இன்னும் கொஞ்சம் கூர்மையா வேணும். சனிக்கிழமை லைப்ரரில மேல் தட்டுப் புத்தகம் சரியாத் தெரியல.”

கண்ணாடிக்காரர் வாங்கிக்கொண்டார். இரண்டு வருடத்தில் இது நான்காவது மாற்றம். அந்த லைப்ரரியின் மேல் தட்டு மேகத்துக்குள் இருக்கும் போலிருக்கிறது.

அவர் போனதும் மச்சினன் கிசுகிசுத்தான். “நாளைக்கு சனிக்கிழமை. பந்தயம் இருக்கு. தோத்தவன் எல்லாம் சீட்டைக் கீழதான் போட்டுட்டுப் போவான்.”

மறுநாள் கடைசிப் பந்தயம் முடிந்து கூட்டம் கலையும்போது கண்ணாடிக்காரர் ஒரு கோணிப்பையோடு நுழைந்தார். வாசலை நோக்கிப் போகும் கூட்டத்தில் மாமனாரின் வழுக்கையைப் பார்த்ததாகக்கூட ஒரு கணம் தோன்றி, தூணுக்குப் பின்னால் பதுங்கினார். பயம் வந்துவிட்டால் எல்லா வழுக்கையும் மாமனார் வழுக்கைதான்.

குனிந்து நாலு சீட்டுப் பொறுக்கியிருப்பார்.

“யாருய்யா அது? வை கீழ.”

விளக்குமாறும் கையுமாக ஓர் அம்மாள் நின்றாள். மைதானத்தைக் கூட்டுகிறவள்.

“குப்பைதானேம்மா.”

“உனக்குக் குப்பை. எனக்கு சரக்கு.” அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவள் முகம் இளகியது. “நோட்டீஸ் வந்துருச்சா?”

கண்ணாடிக்காரர் தலையை ஆட்டினார்.

“எவ்வளவு ஜெயிச்சே?”

“மூணு லட்சத்து நாப்பது.”

“அப்ப ரெண்டு மூட்டை,” என்றாள், கைதேர்ந்த டாக்டர் மாத்திரை சொல்வதுபோல். படிக்கட்டுக்கு அடியிலிருந்த அறையைத் திறந்தாள். தரையிலிருந்து கூரை வரைக்கும் மூட்டைகள். ஊரே சேர்ந்து தோற்றது அங்கே அடுக்கியிருந்தது. எல்லா மூட்டைக்கும் வாயில் பச்சை நாடா, அதில் இரட்டை முடிச்சு.

“இந்தப் பச்சை நாடா என் அடையாளம். வேற எவன் சரக்கும் கலக்கலன்னு தெரியணும்ல.”

“தேதி வாரியா அடுக்கினது இருக்கா?”

“அதுக்கு ஒரு வாடிக்கைக்காரர் இருக்காரு. ரொம்பக் கண்டிப்பானவரு. ஒரு சீட்டு இடம் மாறியிருந்தாக்கூடத் திருப்பிடுவாரு. உனக்குக் கலந்ததுதான். ஜோட்டுத் தடம் இல்லாததுன்னா விலை கூட.”

கண்ணாடிக்காரர் பேரம் பேசி ஜோட்டுத் தடம் உள்ளதையே வாங்கினார். பிற்பாடு இந்தச் சிக்கனத்தை நினைத்து நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். மச்சினன் சீட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, கண்ணாடிக்காரர் ஒரு பழைய நோட்டில் ஓராண்டுத் தோல்வியை எழுதினார். ஊதாப் பேனா, கறுப்புப் பேனா, பென்சில் என்று மாற்றி மாற்றி. நோட்டு பழசாகத் தெரிய, மச்சினன் நடுநடுவே பக்கங்களின்மேல் கொஞ்சம் தேநீர் சிந்தினான்.

“வெறும் நம்பரா எழுதாதீங்க அத்தான். நம்ப மாட்டாங்க. உணர்ச்சி வேணும்.”

“தோத்ததுல என்னடா உணர்ச்சி?”

“‘கண்ணீர் விட்டேன்’னு போடுங்க.”

போட்டார். அடுத்ததில் ‘இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன்’ என்று போட்டார். அதற்கடுத்த வரியில் அன்றைக்கே ஐந்தாவது பந்தயத்தில் மறுபடி தோற்றார். எழுத எழுதக் கை சூடுபிடித்தது. முப்பதாவது பக்கத்தில் பேனாவை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு பெரிய சூதாடியைத் திருத்த வீட்டில் ஒருத்தருக்குக்கூட அக்கறை இல்லையே என்று தன்மேலேயே இரக்கப்பட்டார்.

ஒரு மூட்டை காலியானபோது கூட்டிப் பார்த்தார்கள். ஏழு லட்சம்.

“கூடப் போச்சேடா. ஜெயிச்ச அளவுக்குத்தானே கழிக்கலாம்?”

“இருக்கட்டும். அதிகமாத் தோத்தா பார்க்கப் பாவமா இருக்கும்.”

ஷட்டருக்குக் கீழே இரண்டு கால்கள் வந்து நின்றன. பிறகு மனைவியின் முகம் குனிந்தது.

“ஞாயித்துக்கிழமை அதுவுமா என்ன எழுதறீங்க?”

கண்ணாடிக்காரர் நோட்டின்மேல் ஏறி உட்கார்ந்தார். “தினக்குறிப்பு.”

“நீங்களா?” மனைவி முகம் மலர்ந்தது. “அப்பாவும் தினமும் எழுதுவாரு. பீரோல வச்சுப் பூட்டிடுவாரு, அம்மாவைக்கூடத் தொடவிட மாட்டாரு. நீங்களும் எழுதறீங்கன்னு சொன்னா எவ்வளவு சந்தோஷப்படுவாரு.”

“சொல்லாத.”

சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை மாமனாரிடமிருந்து போன் வந்தது. “நல்ல பழக்கம் மாப்ள. பத்திரம் பதியறதுக்கு முன்னால உங்க நோட்டை ஒரு தடவை படிச்சுப் பார்க்கணும்.”

செவ்வாயும் புதனும் கண்ணாடிக்காரர் சோறு தண்ணி இறங்காமல் இருந்தார். கிட்டப்பார்வைக்காரருக்குத் தூரப்பார்வை லென்ஸ் மாட்டி அனுப்பினார். அந்த மனிதர் வாசல்படியை மலையென்று நினைத்துக் காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு போனார். எழுதி முடித்த சீட்டுகளை மறுபடி மூட்டையாகக் கட்டிக்கொண்டார். பிரிக்காத இன்னொரு மூட்டையை மெஷினுக்குப் பின்னால் திரைபோட்டு மறைத்தார். கடையின் மாற்றுச் சாவி மாமனாரிடம் இருப்பது வியாழக்கிழமை வரி ஆபீஸ் படியேறும்போதுதான் அவருக்கு நினைவு வந்தது.

திரும்ப ஓடலாமா என்று நின்றார். அதற்குள் ஒரு வயதான பியூன் அவர் கையிலிருந்த மூட்டையைப் பார்த்துவிட்டு, “குதிரைக் கேஸா? வியாழக்கிழமை பூரா குதிரைதான். உள்ள போங்க,” என்று கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே இருந்தவர் ஒரு பெண் அதிகாரி. அந்த ஆபீசுக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம். அவர் நிமிர்ந்து பார்த்தார். அதிகாரி மூக்கில் இருந்தது கண்ணாடிக்காரரே செய்து கொடுத்த கண்ணாடி. மெல்லிய தங்க ஃபிரேம், ஒரு கீறல் இல்லாத லென்ஸ். வாழ்நாளில் அவ்வளவு நேர்த்தியாக அவர் வேறொன்று செய்ததில்லை.

“நீங்களா?” என்று அதிகாரி லேசாகச் சிரித்தார். “இந்தக் கண்ணாடி போட்டப்புறம் எறும்பு எழுத்துகூட எனக்குத் தப்பறதில்ல. உட்காருங்க.”

கண்ணாடிக்காரர் உட்கார்ந்தார். நோட்டை நீட்டினார். மூட்டையை மேசைமேல் கவிழ்த்தார். அதிகாரி புரட்டத் தொடங்கினார். சுவர்க் கடிகாரம் உரல் இடிப்பதுபோல் சத்தம் போட்டது.

“ஜூன் மாசம் நாலாவது பந்தயம். மூணு மணி பன்னெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணாம் கவுன்டர்ல சீட்டு வாங்கியிருக்கீங்க.”

“ஆமாங்க.”

“அதே பன்னெண்டு நிமிஷத்துக்கு ஏழாம் கவுன்டர்லயும்.”

“வேகமா நடப்பேன்.”

“பதினாறாம் கவுன்டர்லயும். அது வேற கட்டடம். அதுவும் ஒரு தடவை லேடீஸ் செருப்பு போட்டுக்கிட்டு.” ஒரு சீட்டைத் தூக்கிக் காட்டினார். குதிகால் தடம் அச்சுப்போல் இருந்தது.

கண்ணாடிக்காரர் கைக்குட்டையை எடுத்தார்.

“இது சுவாரசியமா இருக்கு,” என்று அதிகாரி இன்னொரு சீட்டை நோட்டோடு ஒப்பிட்டார். “செப்டம்பர், ஆறாவது பந்தயம். ‘எல்லாம் போயிற்று, கண்ணீர் விட்டேன்’னு எழுதியிருக்கீங்க. ஆனா இந்த நம்பர் குதிரைதானே அன்னைக்கு முதல்ல வந்துது? கிளப் பட்டியல் இங்க இருக்கு.”

கூட்டத்தில் எவனோ அவசரத்தில் ஜெயித்த சீட்டையும் எறிந்திருக்கிறான்.

“ஜெயிச்சதுக்கா அழுதீங்க?”

“ஆனந்தக் கண்ணீருங்க.”

“அப்ப சரி. இந்த நாப்பத்தஞ்சாயிரத்தையும் ஜெயிச்சதுல சேர்த்துக்கறேன்.”

சிவப்புப் பேனா ஒரு வரி எழுதியது. வரியைக் குறைக்க வந்த இடத்தில் வரி வளர்ந்துகொண்டிருந்தது. அதிகாரி அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அங்கே நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு ஒருமுறை படித்தார்.

“அக்டோபர் பத்தாம் தேதி, சனிக்கிழமை. மத்தியானம் மூணு மணியிலேருந்து ஆறு வரைக்கும் பந்தயத்துல உட்கார்ந்து அறுபதாயிரம் தோத்தேன்னு இருக்கு.”

“ஆமாங்க. மோசமான நாள்.”

“அன்னைக்கு மூணரை மணிக்கு நீங்க என் மூக்கை அளந்துக்கிட்டிருந்தீங்க.” கைப்பையைத் திறந்து, கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்திருந்த கடை பில்லை எடுத்து மேசைமேல் வைத்தார். கண்ணாடிக்காரரின் கையெழுத்து, தேதி, நேரம் எல்லாம் பளிச்சென்று இருந்தன. “ரெண்டு காதும் ஒரே உயரத்துல இல்ல மேடம், ஃபிரேமைக் கொஞ்சம் வளைக்கணும்னு சொன்னீங்க. எனக்கு மறக்குமா?”

நூற்றிருபது ஃபிரேம் விற்கும் கடையில் ஒரே ஒரு மூக்கு, அதுவும் இந்த மூக்கு, அந்த ஒரே ஒரு நாளில் வந்திருக்க வேண்டுமா?

“அதெல்லாம் கிடக்கட்டும்,” என்று அதிகாரி நோட்டை மூடினார். “எல்லாத்தையும் நம்பறேன்னே வச்சுக்குவோம். ஏழு லட்சம் தோத்திருக்கீங்க. கடை வருமானம் ரெண்டு லட்சத்து எண்பதாயிரம்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. தோக்கறதுக்கு ஏழு லட்சம் எங்கேருந்து வந்துது?”

கண்ணாடிக்காரர் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்குப் பயந்து வந்தவர் கழுத்தில், சம்பாதிக்கவே சம்பாதிக்காத ஏழு லட்சம் ஏறி உட்கார்ந்துவிட்டது.

“சொல்லுங்க. கணக்கில் வராத வருமானம்னு எழுதிக்கட்டுமா?”

“இல்லைங்க. மாமனார் குடுத்தாரு.” சொல்லிவிட்டார். எங்கிருந்து வந்தது அந்தச் சொல் என்று அவருக்கே தெரியவில்லை. நாக்கைக் கடித்துக்கொள்வதற்குள் அதிகாரி எழுதிவிட்டார்.

“நல்லது. அவரை வரச் சொல்லுங்க. ஒரு வாக்குமூலம் போதும்.”

“வேண்டாம் மேடம். அவர் வயசானவரு. சூதுன்னா அவருக்கு ஆகாது. நாளைக்குக் கடையை என் பேருக்கு எழுதறாரு. இது தெரிஞ்சா நான் தெருவுல நிக்கணும். பன்னெண்டு வருஷ உழைப்பு மேடம் அந்தக் கடை.”

“போன் நம்பர் குடுங்க.”

“மேடம், உங்க காலு—”

கதவு திறந்தது.

வாசலில் மாமனார் நின்றார். ஒரு கையில் குடை. மூக்கில் செவ்வாயன்று மாற்றிய புதுத் தூரப் பார்வைக் கண்ணாடி. இன்னொரு கையில் ஒரு கோணி மூட்டை. அதன் வாயில் பச்சை நாடா, இரட்டை முடிச்சு.

கண்ணாடிக்காரரின் உயிர் உச்சந்தலை வழியாக வெளியேறி, விசிறியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. மாற்றுச் சாவி. திரை. மெஷினுக்குப் பின்னால் இருந்த மூட்டை. கண்டுபிடித்துவிட்டார். நேரே இங்கேயே தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

“மாமா,” என்று எழுந்து நின்றார். “அது என்னுதுதான் மாமா.”

மாமனார் அசையவில்லை. அவர் முகத்தில் துளி ரத்தமில்லை. கோபத்தில் வெளுத்துவிட்டார் என்று கண்ணாடிக்காரர் நினைத்தார்.

“நான் பந்தயத்துக்குப் போனேன். ஒரே ஒரு நாள். ஜெயிச்சேன். மெஷின் தவணையில வாங்கலை, அந்தக் காசுலதான். இந்த நோட்டு பொய், சீட்டெல்லாம் பொறுக்கினது, நீங்க காசு குடுத்தீங்கன்னு சொன்னதும் பொய். உங்க மகளுக்கு எதுவும் தெரியாது. கடையை எழுத வேண்டாம் மாமா. பத்திரத்தைக் கிழிச்சுப் போடுங்க. நாளைக்கே சாவியைக் குடுத்துடறேன்.”

அதிகாரி பேனாவை வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாமனார் ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தார். அவருடைய கக்கத்தில் துணி அட்டை போட்ட தடித்த நோட்டு ஒன்று இருந்ததை அப்போதுதான் கண்ணாடிக்காரர் கவனித்தார்.

பின்னால் தேநீர்த் தட்டோடு வந்த பியூன், வழியில் நின்ற மாமனாரைப் பார்த்ததும் சொந்தக்காரரைக் கண்டதுபோல் சிரித்தார்.

“வாங்க அய்யா, வாங்க. போன வருஷம் நீங்க குடுத்த மூட்டையே ரெக்கார்டு ரூம்ல எலி கடிச்சுக்கிட்டுக் கிடக்கு, இந்த வருஷத்து மூட்டையை எங்க வைக்கச் சொல்றீங்க?”